குழிக்குள் சோறு

மரங்களெல்லாம் "இதுக்கு மேல எங்களால ஆகாது" என்று நின்றுவிடும் வடக்குக் கோடி அது. அதற்கு அப்பால் புல், குட்டைப் புதர், பாசி, காற்று. வேறொன்றும் கிடையாது. ஒரு முழம் தோண்டினால் மண் கல்லாக உறைந்து கிடக்கும். கோடை வந்தாலும் அசையாது. சில வருடங்களாக அதுவும் இளகத் தொடங்கியிருந்தது, ஒவ்வொரு கோடையும் இன்னும் கொஞ்சம் ஆழமாக.

அங்கே குடிசை போட்டு மண்ணைப் படித்துக்கொண்டிருந்தார் அம்சவேணி. அவர்தான் குரு. சீடர் பெயர் சாரநாதன். கும்பகோணத்துப் பக்கம் வேளாண்மை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, அந்தக் கோடையில்தான் வந்து சேர்ந்தவர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அதனால் என்ன? கற்க வந்தவர் சீடர், அவ்வளவுதான்.

நல்ல மனிதர். ஒரே ஒரு கோளாறு. பச்சையைக் கண்டால் தலைகால் புரியாது. காவிரித் தண்ணீரில் வளர்ந்த கண், அதை என்ன செய்ய?

குடிசைக்குக் கீழே சரிவு முழுக்கக் கோரைப்புல் முழங்கால் உயரத்துக்கு மண்டியிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஹாத்னே என்ற பெண் பனிமான் மந்தையோடு கூடாரம் போட்டிருந்தாள். குளிர்காலத்துக்கு மந்தையை எங்கே ஓட்டலாம் என்று அந்தந்த இடத்தில் குடியிருப்பவரைக் கேட்பது அவர்கள் வழக்கம். அவர் சொல்லிவிட்டால், போய்ப் பார்த்துச் சரிபார்க்க மாட்டார்கள். அது சொன்னவரை அவமதிப்பது.

ஹாத்னே சாரநாதனைக் கேட்டாள். அவரும் சொல்லிவிட்டார்.

"இக்கரைக்கே வரச் சொல்லிட்டேம்மா. நாளைக்குக் காலையில மந்தை ஆத்துல இறங்குது."

குரு தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"எதை வெச்சுச் சொன்னீங்க?"

"கண்ணாலதான் பார்க்கிறோமே! உறைஞ்ச மண்ணு இளகுது. உள்ள அடைஞ்சு கிடந்த தழைச்சத்தெல்லாம் வெளியே வருது. சட்டியில இருந்தா அகப்பையில வருமில்ல?"

"ஒரு கோரையை வேரோட எடுங்க."

மண்வெட்டியைப் பிடித்த கை. சாரநாதன் உற்சாகமாகத் தோண்டினார். முழம் தாண்டியது, வேர் முடியவில்லை. இடுப்பளவு குழி ஆன பிறகுதான் அடியில் ஐஸ் தட்டுப்பட்டது. இலையுதிர் காலம் வந்துவிட்டதால் மேலே புல்லின் நுனி பழுத்திருந்தது. கீழே வேர் மட்டும் வெள்ளை வெளேரென்று ஐஸைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அட! இலை வாடியும் வேர் இன்னும் சாப்பிட்டுக்கிட்டிருக்கு!"

"இந்த மாசத்துலதான் மண்ணு ரொம்ப ஆழத்துக்கு இளகும். சத்தும் அடியிலதான் வெளியே வரும்."

"கெட்டிக்காரப் புல்லும்மா இது."

"கெட்டிக்காரப் புல்லுதான். பனிக்காலத்துல மான் எதைத் தின்னும்?"

"பனியைக் குளம்பால கிளறி வெள்ளைப் பாசியைத் தின்னும். நம்ம ஊர் மசாலாவுல போடுற கல்பாசிக்குச் சொந்தம்."

"கோரையைத் தின்னாதா?"

"கோடையில தின்னும். பனிக்கடியில காஞ்ச கோரையில என்ன இருக்கு?"

"அப்ப அந்தப் பாசியையும் வேரோட எடுங்க."

சாரநாதன் மண்டியிட்டுப் புல்லை விலக்கினார். ஒரு இடத்தில் இல்லை. இன்னொரு இடத்திலும் இல்லை. வெகுநேரம் தேடி, நிழலில் சுருங்கிக் கிடந்த ஒரு துணுக்கைக் கண்டுபிடித்தார். இரண்டு விரலால் தொட்டதுமே கையோடு வந்துவிட்டது.

"வேரே இல்லையேம்மா."

குரு சோறு வடிக்கப் போய்விட்டார்.

மதியம் சோற்றுச் சட்டியைக் கயிற்றில் கட்டிக் குழியின் அடியில் இறக்கினார். விளிம்பில் உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க."

சாரநாதன் குப்புறப் படுத்துக் கையை விட்டார். எட்டவில்லை. தோள் வரைக்கும் விட்டுத் துழாவினார். விரல் நுனியில் ஆவி பட்டது, சோறு படவில்லை. குரு நீளக் காம்பு போட்ட அகப்பையை எடுத்தார், அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டார், சாப்பிடத் தொடங்கினார்.

"என்னம்மா விளையாட்டு இது? வயிறு கபகபங்குது எனக்கு."

"ஏன், சட்டி நிறையச் சோறு இருக்கே?"

சாரநாதன் சிரித்தார். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றது. சட்டைப்பையில் போட்டிருந்த பாசித் துணுக்கை எடுத்துப் பார்த்தார். தலைக்கு மேல் ஆடும் கோரையைப் பார்த்தார்.

"இது மழையையும் காத்தையும் நம்பிப் பிழைக்கிறது. கீழ இருக்கிற சத்து இதுக்கு வரவே வராது."

"ம்."

"எட்டினது வளர்ந்து, எட்டாததோட வெயிலையும் மறைச்சுடுச்சு."

"நீங்க வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடி இந்தச் சரிவு பாசியால வெள்ளையாத்தான் இருந்தது" என்றார் குரு.

சாரநாதன் அக்கரையைப் பார்த்தார். மந்தை ஆற்றைத் தாண்டிவிட்டால் அக்கரையில் பாசி கிடைக்கும் பழைய மேட்டு நிலத்துக்கு அந்த வருடம் திரும்ப முடியாது. பனி வழியை மூடிவிடும். மான்கள் இங்கே பனியைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு நிற்கும். பாதி சினை மான்கள்.

"ஐயையோ! நம்பிக் கேட்டவ குடியைக் கெடுத்துட்டேனே!"

"மந்தை இன்னும் அக்கரையிலதான் இருக்கு."

"நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதிகாரியா இருந்தவன்மா நான். ஒரு நாள்ல பேச்சை மாத்தினா என்னை என்ன நினைப்பா?"

"அவ கேட்டது உங்களை."

சாரநாதன் எழுந்தார். முழங்கையில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார். பசியோடேயே துடுப்பை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். பாதி வழியில் நின்று திரும்பினார்.

"இவ்வளவு பச்சை இருக்கே, ஏன் வேண்டாங்கிறீங்கன்னு கேட்பாளேம்மா. என்ன சொல்லட்டும்?"

குரு அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சட்டியைப் பார்த்தேன், அகப்பையைப் பார்க்கலைன்னு சொல்லுங்க."