அப்பாவின் கையளவு

"நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான் மேடம் நான் செஞ்சேன்," என்றாள் ஜெசிந்தா.

உணவியல் நிபுணர்களுக்கான பயிற்சி வகுப்பு முடிந்து மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். பேராசிரியை திலகராணி போர்டை அழித்துக்கொண்டிருந்தார். ஈரல் கெட்டவர்களுக்குப் புரதத்தைக் குறைக்காதீர்கள், சதை கரைந்துவிடும் என்று சற்றுமுன் எழுதிய வரி பாதி போயிருந்தது.

கூத்தைப் பாருங்கள், பத்து வருஷத்துக்கு முன்னால் இதே ஜெசிந்தாவுக்குப் புரதத்தைக் குறை, குறை என்று சொல்லிக் கொடுத்தவரும் இவர்தான். அந்த மகராசியும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினாள். போன வருஷம் சொந்த அப்பாவுக்கு ஈரல் சுருங்கியபோது, எழுதியதை அப்படியே செய்தாள்.

"சாளை மீன் கேட்டாரு மேடம். ஒரு துண்டு போதும்னாரு. அடம்பிடிக்காதீங்கப்பான்னு அதட்டிட்டுக் கஞ்சியைக் கொடுத்தேன்."

"எப்போம்மா இறந்தார்?" என்று கேட்டார் திலகராணி.

"ஆடியில."

திலகராணி டஸ்டரைக் கீழே வைத்தார்.

"புரதத்தைக் குறைக்கக் கூடாதுங்கிற ஆராய்ச்சியெல்லாம் எப்ப வந்துச்சு மேடம்? அப்பா போனதுக்கு அப்புறமா?"

ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருந்தாள். அதைக் கேட்டுவிட்டால் நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம்.

"இல்லைம்மா. உனக்குப் பாடம் எடுக்கிறதுக்கு முன்னாலேயே வந்துடுச்சு. நம்ம லைப்ரரியிலேயே இருந்துச்சு. நான் எடுத்துப் பார்க்கலை. பழைய நோட்டை வெச்சே ஒப்பேத்திட்டேன்."

ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "கை எட்டுற தூரத்துல இருந்ததை ஏன் மேடம் பார்க்கலை?"

"பார்த்திருக்கணும். என் தப்புதான்."

வாதாடியிருந்தால்கூடத் தேவலை. ஒப்புக்கொண்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"நான் ஒரு நாள்கூடத் தவறலை. கொடுத்தது, சாப்பிட்டது எல்லாம் இதுல இருக்கு. வயித்துல நீர் கோத்துட்டா எடையை நம்பாதே, சதை கரையுதான்னு மேல்கையை அளந்து பாருன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை தவறாம டேப் வெச்சு அளந்தேன்."

திலகராணி நோட்டைத் திறக்கவில்லை. அவள் பக்கமே தள்ளினார்.

"கையளவை மட்டும் வாசிம்மா."

"இருபத்தாறு சென்டிமீட்டர்," என்று அழுத்தமாகத்தான் ஆரம்பித்தாள். "இருபத்தஞ்சு. இருபத்திமூணரை. இருபத்திரண்டு."

குண்டு குண்டான கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இருபதுக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது.

வெளியே டீ குடிக்கப் போனவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு என்ன கொடுத்தே?" என்றார் திலகராணி.

"கஞ்சி."

"அடுத்த வாரம்?"

ஜெசிந்தா பக்கத்தைப் புரட்டினாள்.

"கஞ்சிதான் மேடம்."