கொடுத்த காசுக்குப் பெறுமா

“இது கொடுத்த காசுக்குப் பெறுமாம்மா?”

வயிரவன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தேனம்மையின் முன்னால் வைத்தார். கறுப்பாக, டிபன் டப்பா அளவுதான் இருந்தது.

தேனம்மைக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. காரைக்குடியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, மனக் குழப்பத்தோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வார். சில நாள் சொல்லாமலும் அனுப்புவார். வயிரவன் பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் குரு குருதான். அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

“என்னண்ணே அது?”

“வீட்டு சர்வர்மா. நம்ம போட்டோ, வீடியோ, ஆடியோ எல்லாத்தையும் இதுல போட்டு வச்சா, வீட்டுல எந்த போன்ல இருந்தும் பார்த்துக்கலாம். எவனுக்கோ மாசா மாசம் வாடகை கட்ட வேண்டாம். முப்பதாயிரத்துச் சொச்சம். பிடிக்கலைன்னா இந்த வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துரலாம். அதான் கேட்க வந்தேன்.”

ஊரில் எல்லோரும் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்குவார்கள். வயிரவன் ஒடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். அப்படிப்பட்டவர் கையில் இந்தப் பெட்டி வந்து மாட்டிக்கொண்டிருந்தது.

“சோதிச்சுப் பார்த்தீங்களா?”

“பார்க்காமலா! சூடு பார்த்தேன். சத்தம் பார்த்தேன். சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு மீட்டர் வச்சுப் பார்த்தேன்.”

“சும்மா இருந்துச்சா?”

“ராத்திரி பூரா இருந்துச்சும்மா.”

“இங்க வர்ற பாதிப் பேருக்கு அது வரலை. அப்ப வாங்கலாம்.”

வயிரவன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

தேனம்மை பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. திருப்பிக் கொடுக்குறதா இருந்தா காலியாத்தானே கொடுக்கணும். துடைச்சுட்டேன்.”

“துடைக்கிறதுக்கு முன்னாடி?”

வயிரவன் சட்டைப் பித்தானைத் தடவினார். இதைக் கேட்டுவிடக் கூடாது என்று படியேறும்போதே வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

“சும்மா, சோதனைக்குப் போட்டதும்மா.”

“எதை?”

“கொஞ்சம் ஆடியோ.”

“யாரோடது?”

தெருவில் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது போய் முடியட்டும் என்று காத்திருப்பவர்போல வயிரவன் உட்கார்ந்திருந்தார். போய் முடிந்தது. தேனம்மை இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கொழுந்தியா சிகப்பியோடது. போன வருஷம் தவறிப்போனாள்ல. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப தினம் சாயங்காலம் அக்காவுக்கு போன்ல பேசி அனுப்புவா. என் வீட்டுக்காரி உமையாள் போன்லதான் அத்தனையும் இருந்துச்சு.”

“அதை ஏன் எடுத்தீங்க?”

“நிறைய ஃபைலை ஒண்ணா ஏத்தினா எவ்வளவு நேரம் பிடிக்குதுன்னு பார்க்கணும். சின்னச் சின்னதா நிறைய இருந்தது அதுதான். ‘போன் நிறைஞ்சு போச்சு, பத்திரமா எடுத்து வைக்கிறேன், டிவியிலயே கேட்கலாம்’னு சொல்லி வாங்கினேன். அவளும் உடனே குடுத்துட்டா.”

“காப்பி எடுத்தீங்களா?”

“இல்லம்மா.” குரல் இறங்கிவிட்டது. “கட் பண்ணிட்டேன். போன்ல இடம் காலியாகட்டும்னு.”

“பெட்டியில அதுக்கு என்ன பேர் வச்சீங்க?”

வயிரவனுக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கில் பைசாப் பிசகு கண்டுபிடித்தவர். சொல்லித்தான் ஆக வேண்டும்.

“சோதனைன்னு வச்சேன்.”

“ம்.”

“சோதனை ஒண்ணு, சோதனை ரெண்டுன்னு வரிசையா வச்சிருந்தேன். திருப்பிக் கொடுக்கலாமான்னு யோசனை வந்தப்ப, சோதனைன்னு இருந்த எல்லாத்தையும் சேர்த்து அழிச்சேன். அப்புறம் பெட்டியையும் துடைச்சேன். மறுநாள் சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. சோறு இறங்கல. மதுரைக்குக் கொண்டுபோய் விவரம் தெரிஞ்சவங்ககிட்டக் காட்டினேன். ஒண்ணும் மிஞ்சலைன்னுட்டாங்க.”

“என்ன பேசியிருந்தாக அந்தப் பொண்ணு?”

வயிரவன் விழித்தார்.

“தெரியாதும்மா.”

“ஒண்ணுகூடவா?”

“நான் கேட்கலை. எவ்வளவு வேகமா ஏறுதுன்னு மட்டும்தான் பார்த்தேன். நல்ல வேகமாத்தான் ஏறுச்சு.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகு, நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

தேனம்மை பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப இங்க கேட்க வந்தது பெட்டி விலை இல்ல.”

“இல்லம்மா. சொல்றதுக்கு வாய் வரலை. அதான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன்.”

“உமையாள் ஆச்சிகிட்டச் சொல்லியாச்சா?”

“இல்ல.”

“அவுக கேட்டாகளா?”

“அது ஒண்ணுதாம்மா ஆறுதல். இன்னைய வரைக்கும் கேட்கவே இல்ல.” வயிரவன் முகத்தில் லேசாகத் தெம்பு வந்தது. “முன்னெல்லாம் அடுப்படியில போனை வச்சு அதைத்தான் கேட்டுக்கிட்டே சமைப்பா. இப்ப அந்தப் பேச்சே இல்ல. மறந்துட்டா போல. அவளும் எத்தனை நாளைக்குத்தான் அழுதுக்கிட்டு இருப்பா? மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்னு நினைக்கிறேன். நான் நினைக்கிறது தப்பாம்மா?”

சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தேனம்மை முகத்தில் தெரிந்தது.

“போன வாரம் ஆச்சி இங்க வந்திருந்தாக.”

“உமையாளா? என்கிட்டச் சொல்லலையே!”

“நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் உட்கார்ந்தாக. அவுகளும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக.”

“என்ன கேட்டா?”

“‘தங்கச்சி குரல் போயிருச்சும்மா. இவுக சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் வாயைத் திறந்து கேட்டா, மனுஷன் கூசிப் போயிருவாக. கேட்காம இருக்கிறதுக்கு எனக்கு ஒரு வழி சொல்லிக்குடுங்க’ன்னாக.”

வயிரவனுக்குத் தலை தொங்கிவிட்டது.

“நீங்க என்னம்மா சொன்னீங்க?”

“அதை ஆச்சிகிட்டயே கேளுங்க.”