மணி கழற்றிய மாடுகள்

முன்னொரு காலத்தில் தென்கரை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். சொக்கட்டான் ஆட்டத்தில் ஜெயித்த நாளில் நல்ல ராஜா. தோற்ற நாளில் கிட்டே போகக் கூடாது.

அன்றைக்குத் தோற்றிருந்தான். அந்த நேரம் பார்த்து முத்து வியாபாரி தாணுமூர்த்திச் செட்டியார், பெண்டாட்டி மேல் பிராது கொண்டுவந்தார். ஊரிலேயே பெரிய பணக்காரர். பெண்டாட்டி குழல்வாய்மொழி தூணோரம் நின்றாள்.

"மகாராஜா, இவள் நடத்தை சரியில்லை. நான் வெளியே போனால் ஒருத்தன் வீட்டுக்குள் வருகிறான். என் வண்டிமாட்டு மணிச்சத்தம் தெருமுனையில் கேட்டதும் கொல்லைப்பக்கமாக ஓடிவிடுகிறான். இவளைத் தள்ளிவைக்க உத்தரவு வேண்டும்."

"நானே பார்த்தேன். சுவரேறிக் குதித்தான்," என்றார் சபையில் இருந்த குணபாலர். மந்திரி மாதவராயரின் ஆசனத்தின் மேல் இவருக்கு வெகுநாளாய்க் கண். கழுத்தில் செட்டியார் கொடுத்த புது முத்துமாலை.

"மந்திரி, விளக்கு வைப்பதற்குள் உண்மை தெரியவேண்டும். இவள் மேல் குற்றமென்றால் ஊரைவிட்டுத் துரத்து. உனக்குத் தெரியவில்லையென்றால் உன் தலைப்பாகை குணபாலருக்கு," என்றான் ராஜா.

"அவருக்குக் கொஞ்சம் பெரிசு, மகாராஜா. காதில்தான் நிற்கும்," என்று சொல்லிவிட்டு மாதவராயர் தூணருகே போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, செட்டியார் வீட்டுக்கு வருவது உனக்கு எப்படித் தெரியும்?"

"மணி கேட்கும், ஐயா. இலை போடுவேன்."

"கேட்காத நாள் உண்டா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். "வரும்போது கேட்கும். சில நாள் சாயங்காலம், தானே வண்டியோட்டிப் போவார். அப்போது மணி கேட்காது."

"இதை ஏன் சபையில் சொல்லவில்லை?"

"அவருக்குத்தானே அவமானம்."

மாதவராயர் ராஜாவிடம் திரும்பினார்.

"செட்டியார் சொல்வது நியாயம். மணிச்சத்தம் கேட்டுத்தானே திருடன் ஓடுகிறான்? மணியைக் கழற்றிவிட்டு இப்போதே அவர் வண்டியில் போவோம். கையும் களவுமாகப் பிடிக்கலாம்."

"பேஷ். நானும் வருகிறேன்," என்றான் ராஜா.

செட்டியார் முகம் வெளுத்தது. "மணி இல்லாவிட்டால் மாடு மிரளும்."

"மிரளாது. பழகின மாடு," என்றார் மாதவராயர்.

"அப்படியானால் நான் ஓட்டுகிறேன்."

"ராஜாவுக்கு முதுகு காட்டி உட்காருவீரோ? உள்ளே ஏறும். வண்டிக்காரனும் வேண்டாம், அவன் வேலைக்காரர்களுக்குச் சாடை காட்டுவான். தன் வீட்டுக்குப் போக மாட்டுக்கு வழி தெரியாதா?"

ராஜா, மந்திரி, செட்டியார், குணபாலர் நால்வரும் ஏறினார்கள். மாடுகள் தலையை ஒருதரம் ஆட்டிப் பார்த்தன. சத்தம் வரவில்லை. நடந்தன.

நாற்சந்தி வந்தது. வலதுபக்கம் செட்டித்தெரு. மாடுகள் யோசிக்கவேயில்லை. இடதுபக்கம் நெசவாளர் தெருவுக்குள் திரும்பின.

"என்ன செட்டி, வீடு மாற்றிவிட்டாயா?" என்று ராஜா சிரித்தான்.

ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் மாடுகள் தாமாக நின்றன. உள்ளேயிருந்து ஒரு பெண்குழந்தை, மாட்டுக்கு வைக்கப் பருத்திக்கொட்டை முறத்தை அணைத்துக்கொண்டு ஓடிவந்தது. "அப்பா வந்தாச்சு, அம்மா," என்றது. வாசலுக்கு வந்த பெண் ராஜாவைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ராஜாவின் சிரிப்பு நின்றது. குணபாலர் தன் கால்விரல்களைப் பார்த்தார். செட்டியார் வண்டிக்குள் இன்னும் உள்ளே நகர்ந்தார். குழந்தை விடாமல் கூப்பிட்டது.

சபைக்குத் திரும்பியதும் மாதவராயர்தான் குழல்வாய்மொழியிடம் போனார்.

"உன் மேல் குற்றமில்லை, அம்மா. உன்னைத் தள்ளிவைக்கக் கட்டிய கதை அது."

"அது எனக்குத் தெரியும், ஐயா. வேறென்ன பார்த்தீர்கள்?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஒரு வீடு. ஒரு பெண். ஒரு குழந்தை."

"குழந்தையா?" இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றவள் தூணில் கை வைத்தாள். "என்ன வயசு?"

"மூன்று இருக்கும்."

"மூன்று வருஷமும் வெள்ளி தவறாமல் என்னோடு அரசமரத்தைச் சுற்றினார், ஐயா. எங்களுக்கொரு பிள்ளை வேண்டுமென்று. கால் வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே சுற்றுவார்."



"கழற்றின மணியை இந்தச் செட்டி கழுத்தில் கட்டுங்கள்," என்று ராஜா கத்தினான். "தெருத்தெருவாக நடக்கட்டும்."

"வேண்டாம், மகாராஜா. அந்தக் குழந்தையும் அப்பா என்று பின்னாலேயே ஓடிவருமே? ஊர் அதைப் பார்த்தல்லவா சிரிக்கும்," என்றாள் குழல்வாய்மொழி. "ஒளித்துவைக்காமல் அவர்களை வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். எனக்கு என் அண்ணன் ஊருக்குப் போக வண்டி வேண்டும்."

"செட்டியின் வண்டியும் மாடும் இனி உன்னுடையது. குணபாலா, சுவரேறிக் குதித்தவனைப் பார்த்த கண்ணல்லவா? வழியும் நன்றாகத் தெரியும். மாட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஊர்வரை நட. போவதற்குமுன் அந்த மாலையை மந்திரிக்குக் கொடு," என்றான் ராஜா.

மாதவராயர் மாலையை வாங்கினார். போட்டுக்கொள்ளவில்லை. தாமே குனிந்து மாடுகளின் கழுத்தில் மணியைக் கட்டினார். குழல்வாய்மொழி வண்டியில் ஏறியதும் நாற்சந்திவரை கூடவே நடந்தார்.

மணி கட்டிய மாடுகள் நாற்சந்தியில் வலதுபக்கம் திரும்பின. குணபாலர் கயிற்றை இழுத்தார், கத்தினார். அவை கேட்கவில்லை. செட்டித்தெருவில் பெரிய வீட்டு வாசலில் போய் நின்றன.

"இறக்கிவிடட்டுமா, தாயி?" என்று குணபாலர் மூச்சு வாங்கக் கேட்டார்.

உள்ளே அடுக்களையில் புகை கிளம்பியிருந்தது. மணிச்சத்தம் கேட்டு வேலைக்காரி இலை போடுவது திறந்த வாசல் வழியே தெரிந்தது. குழல்வாய்மொழி இறங்கவில்லை.

"கொஞ்சம் நிற்கட்டும்," என்றாள்.

நின்றது. பிறகு அவளே, "போகலாம்," என்றாள்.

மணிச்சத்தம் கோட்டைவாசலைத் தாண்டும்வரை மாதவராயர் நாற்சந்தியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.