மூட்டு நீரும் கைப்பிடியும்

நடந்து வந்த நோயாளிகள் டாக்டர் ஆறுமுகநயினாரிடம் பேசி முடித்ததும் சக்கர நாற்காலி கேட்டார்கள். அன்று காலையில் மட்டும் இரண்டு பேர்.

நயினார் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் பாதி வயதைக் கழித்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். அவருடைய ஆசிரியை ஜெபமலர் அவரைவிட இளையவர். முழங்காலிலிருந்து நீர் எடுத்து, குருத்தெலும்பு தேய்வதன் அடையாளம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுடைய ஆராய்ச்சி. எக்ஸ்ரே காட்டாததைக்கூட மூட்டு நீர் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை இருவருக்கும் உண்டு. முடிவை நோயாளியிடம் சொல்வது நயினாரின் வேலை. மனிதர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்றுதான் பேசுவார்.

"மேடம், நான் உண்மையைத்தானே சொல்றேன்? ஏன் இப்படிப் பயந்து சாகுறாங்க?"

ஜெபமலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அடுத்து யாரு?"

"செல்லக்கனின்னு ஒரு அம்மா. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறாங்க. கீழ உட்கார்ந்திருக்காங்க. சமையல் வேலையை விடணுமான்னு இப்பவே அழுகை. அவங்களுக்கும் அடையாளம் அதிகமாத்தான் இருக்கு."

"சரி. முதல்ல கீழ லேப்ல இருந்து மாதிரிப் பெட்டியை எடுத்துட்டு வாங்க."

லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. நயினார் ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மாடி ஏறி வந்து மேசைமேல் வைத்தார். ஜெபமலர் அதைத் திறக்கவில்லை.

"உங்க நீரையும் பார்த்துட்டேன் டாக்டர்."

போன மாதம் பைக்கிலிருந்து விழுந்து நயினாரின் வலது முழங்கால் வீங்கியது. நீரை வடித்தவர் ஜெபமலர்தான். 'ஆராய்ச்சிக்கு வெச்சுக்குங்க மேடம்' என்று நயினாரே தாராளமாகச் சொல்லியிருந்தார். வீக்கம் வடிந்ததும் அதை மறந்தும் போனார்.

"என்ன இருக்கு மேடம்?"

"தேயுற அடையாளம் ரொம்ப அதிகம்." அவ்வளவுதான் சொன்னார். "இதைத் திரும்பக் கீழ வெச்சுட்டு வந்துடுங்க."

நயினார் பெட்டியைத் தூக்கினார். முதல் படியில் கால் வைத்தபோது முழங்காலில் 'களுக்' என்றது. அது பல வருஷமாகவே அப்படித்தான் சத்தம் போடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? இன்றைக்கு அது எலும்போடு எலும்பு உரசுகிற சத்தமாகக் கேட்டது.

அவருடைய அப்பா முழங்கால் தேய்ந்துபோய்க் கடைசி வருஷங்களில் கழிப்பறைக்குத் தவழ்ந்துதான் போனார். தவழும்போது யாரும் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தச் சொல்வார். நயினாருக்குப் படித்த படிப்பில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. வலது கை தானாகப் போய் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தது. இடது கையில் பெட்டி சாய்ந்தது. உள்ளே குழாய்கள் கலகலத்தன. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலேயே வந்த ஜெபமலர் பெட்டியைத் தாங்கிப் பிடித்தார்.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"மேல வரும்போது ரெண்டு கையும் பெட்டியிலதானே இருந்துச்சு?"

"அப்போ எனக்குத் தெரியாதே." கைப்பிடியை அவர் இன்னும் விடவில்லை. "எனக்கு மூட்டுத் தேய்மானம்தானா? மறைக்காமச் சொல்லுங்க."

"இதை மட்டும் வெச்சு அப்படிச் சொல்ல முடியாது. அடிபட்ட மூட்டுலயும் இந்த அடையாளம் ஏறும். போன வாரம் நீங்கதானே இதை வகுப்புல சொன்னீங்க? விழுந்தப்போ எடுத்த உங்க எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. தேய்மானமே வந்தாலும் நடக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. நடக்கணும், தொடைக்குப் பயிற்சி செய்யணும். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்."

நயினாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதையெல்லாம் முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்!"

"சொல்லியிருக்கலாம்தான்." ஜெபமலர் பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "கீழ செல்லக்கனி உட்கார்ந்திருக்காங்க, டாக்டர்."