ஆறு முள்ளம்பன்றிகளுக்கு ஒரு வேன்

குளத்துமேட்டில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. அப்பா பெயர் கூரப்பன். அம்மா பெயர் வேலாயி. பிள்ளைகள் நாலு. மூத்த மூன்றும் மூன்று திசைக்கு ஓடும். கடைக்குட்டி சிலுப்பி மட்டும் அம்மா காலையே சுற்றிக்கொண்டிருப்பாள்.

முள்ளம்பன்றிக்கு முள் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மரியாதை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அயலார் முன்னால் முள்ளை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். விருந்துக்குப் போனால் ஒடுக்க வேண்டும். கடைக்குப் போனாலும் ஒடுக்க வேண்டும். வீடு திரும்பி வளைக்குள் நுழைந்த பிறகுதான் "அப்பாடா" என்று விரித்துப் போடலாம். விரித்துவிட்டால் ஒரு முள்ளம்பன்றிக்கு மூன்று பேர் இடம் வேண்டும். அதனால்தான் அவர்கள் வளை அவ்வளவு பெரிசு.

வேலாயிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைப்பாறையில் அவள் அக்கா இருந்தாள். தாயில்லாத வேலாயியை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்காதான். வேலாயி கல்யாணமாகிக் குளத்துமேட்டுக்கு வந்து ஏழு கோடை போய்விட்டது. ஒரு தடவைகூட அக்காவைப் பார்க்கப் போக முடியவில்லை. வழியில் ஒரு காட்டாறு. அது கோடையில் மட்டும்தான் வற்றும். வற்றினாலும் இரண்டு நாள் நடை. வழி நெடுகச் சிறுத்தை வேறு. பிள்ளைகளோடு எப்படி நடப்பது?

சாயங்காலமானால் மேட்டில் ஏறி நின்று மலையையே பார்ப்பாள்.

"என்ன பாக்குறே?" என்று கூரப்பன் கேட்பான்.

"ஒண்ணுமில்லீங்க."

ஒண்ணுமில்லாததை யாராவது அவ்வளவு நேரம் பார்ப்பார்களா? கூரப்பனுக்கும் தெரியும். ஆனால் என்ன செய்வான், பாவம்.

அந்தக் கோடையில் வெள்ளைப்பாறைப் பக்கமிருந்து ஒரு காகம் வந்தது. "வேலாயி, உன் அக்காவுக்குக் கண் போயிடுச்சு. உன்னையும் பிள்ளைங்களையும் ஒரு தடவை பக்கத்துல வெச்சுக்கணும்னு புலம்புறா. தினமும் வளை வாசல்லயே உக்காந்திருக்கா" என்றது.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வேலாயி உரித்துக்கொண்டே இருந்தாள். தோல் போய், கிழங்கும் போய், வெறும் கையை உரித்துக்கொண்டிருந்தாள்.

கூரப்பன் எழுந்தான். "போதும். ஒரு வேன் வாங்குறோம். ஆறு பேரும் ஒண்ணாப் போறோம்" என்றான்.

காட்டில் வேன் ஏது என்று கேட்பீர்கள். காகம் பேசியபோது கேட்கவில்லையே, இப்போது மட்டும் என்ன கேள்வி? பேசாமல் கேளுங்கள்.

அவர்களிடம் சேர்த்து வைத்த கிழங்கு இரண்டு குழி இருந்தது. அதற்குக் கிடைக்கிற வண்டி இரண்டே இரண்டு. ஒன்று புதிசு, ஆனால் சின்னது. இன்னொன்று பெரிசு, ஆனால் பழசு.

முதலில் புது வண்டியைப் பார்க்கப் போனார்கள். கடைக்காரர் மயிலார். வாசலிலேயே தோகையை விரித்துக்கொண்டு நின்றார். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு வேன். மெத்தை வைத்த சீட்டு இரண்டு வரிசை. வாசனை ஆளைத் தூக்கியது.

கூரப்பன் டயரை ஒரு உதை உதைத்தான். பிறகு முன் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தான். என்ன பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. வண்டி வாங்கப் போனால் அப்படிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

"ஆறு பேர் உட்கார முடியுங்களா?" என்று கேட்டான்.

"நான் சொல்றது எதுக்கு? நீங்களே உட்கார்ந்து பாருங்க" என்றார் மயிலார்.

ஆறு பேரும் ஏறினார்கள். அயலார் கடை அல்லவா? வளர்ப்பு அப்படி. ஆறு பேரும் முள்ளைப் படிய ஒடுக்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடம் தாராளமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு பேருக்குக்கூட இடமிருக்கும் போலிருக்கே" என்றாள் வேலாயி.

"நான்தான் சொன்னேனே" என்றார் மயிலார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அப்படித்தான் சொல்வார்.

அடுத்து காட்டுப்பன்றி மண்டையன் வீட்டுக்குப் போனார்கள். அவன் வேன் வேலமரத்தடியில் நின்றது. ஒரு காலத்தில் நீல நிறமாக இருந்திருக்கும். இப்போது சேற்று நிறம். உள்ளே சீட்டே இல்லை. வெறும் பலகையில் வைக்கோல் பரப்பியிருந்தது.

"சீட்டெல்லாம் எங்கேண்ணே?" என்று கேட்டான் கூரப்பன்.

"பதினோரு பிள்ளைங்க. கடிச்சுத் தின்னுட்டாங்க" என்றான் மண்டையன். சொல்லும்போது பலகையைத் தடவினான். "இப்ப எல்லாம் பெரிசாகி ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாங்க. எனக்கும் அவளுக்கும் இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு? உள்ள ஏறுனாலே வெறிச்சுன்னு இருக்கு."

கதவு லேசில் மூடவில்லை. மண்டையன் மனைவி இடுப்பால் ஓர் இடி இடித்தாள், மூடிக்கொண்டது. சாவியைத் திருப்பினால் வண்டி நாலு தடவை இருமியது. ஐந்தாவது தடவைதான் கிளம்பியது.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சிலுப்பி வைக்கோலில் படுத்துத் தூங்கிப்போனாள். தூக்கத்தில் முள்ளெல்லாம் தானாக விரிந்துகொண்டது. அடுத்தவர் வண்டியில், அடுத்தவர் கண் முன்னால்! வேலாயிக்கு மானம் போயிற்று.

"ஏய், எழுந்திரிடி. வந்த இடத்துல இப்படியா விரிச்சுப் போடுறது?" என்று உலுக்கினாள்.

"இருக்கட்டும்மா. குழந்தை நல்லாத் தூங்குது. இங்க யாரு வெளியாள்?" என்றாள் மண்டையன் மனைவி.

வேலாயி கேட்கவில்லை. பிள்ளையை எழுப்பி, முள்ளை ஒடுக்க வைத்து, இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வளைக்குள் ஆறு பேரும் முள்ளை நன்றாக விரித்துப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துகொண்டு பேசினார்கள்.

"அந்தப் பழசு நடுவழியில நின்னா என்ன பண்றது? சிறுத்தைக்கு நாமே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆயிடும்" என்றான் கூரப்பன்.

"ஏழு வருசம் கழிச்சுப் போறேன். அக்கா வீட்டு வாசல்ல அந்த இருமல் வண்டியிலயா போய் இறங்குறது? வெள்ளைப்பாறைக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் வேலாயி.

"புதுசுலதான் எட்டுப் பேருக்கு இடமிருக்கே" என்றான் மூத்தவன்.

நியாயமான பேச்சுத்தான். யார் பேச்சிலும் குற்றம் சொல்ல முடியாது. அப்படியே புதிசை வாங்கினார்கள்.

மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. மழை இறங்கி ஆறு நிறைவதற்குள் போய் வந்துவிட வேண்டும். விடியற்காலையில் ஆறு பேரும் கிளம்பினார்கள். வேலாயி அக்காவுக்காக நல்ல கிழங்காகப் பார்த்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். கூரப்பன் அதைக் கண்ணாடியில் பார்த்தான். அவனுக்கும் மனசு நிறைந்துபோயிற்று.

"அப்பா, முள்ளை விரிக்கட்டுமா? நம்ம வண்டிதானே?" என்று கேட்டாள் சிலுப்பி.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

எவ்வளவு நேரம் பொறுப்பது? முள்ளை ஒடுக்கியே வைத்திருப்பது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. கடையில் கால் மணி நேரம் முடியும். பாதி நாள் முடியுமா? சிலுப்பி தூங்கிப்போனாள். அவள் முள் விரிந்தது. பக்கத்தில் இருந்த அண்ணன் விலாவில் குத்தியது. அவன் திடுக்கிட்டுச் சிலிர்த்தான். அது அடுத்தவளைக் குத்தியது. அவள் சிலிர்த்தாள். அவ்வளவுதான், வண்டி முழுவதும் முள். மெத்தை கிழிந்து பஞ்சு பறந்தது. கூரப்பன் பிடரியில் மூத்தவன் முள் பாய்ந்தது. வேன் தடுமாறி ஒரு புதருக்குள் போய் நின்றது.

ஆறு பேரும் இறங்கினார்கள். பிள்ளைகள் அழுதன. ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்த முள்ளை ஒருவருக்கொருவர் பிடுங்கிவிட்டார்கள்.

"ஒடுக்கிக்கிட்டே போவோம்" என்றான் மூத்தவன்.

"முடியாதுடா. நீயும் தூங்குவே, நானும் பயந்து சிலிர்த்துடுவேன். விரிச்சு உட்கார்ந்தா இதுல மூணு பேருக்குத்தான் இடம்" என்றான் கூரப்பன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே மண்டையன் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய வேனை இரவல் கேட்கலாம் என்று நினைத்தார்கள். அது பெருச்சாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. வர நாலு நாளாகும். மேகமோ தலைக்கு மேல் வந்துவிட்டது.

"மூத்த மூணையும் எங்கிட்ட விட்டுட்டுப் போம்மா. உன் அக்கா காத்திருப்பா" என்றாள் மண்டையன் மனைவி.

வேலாயி மூன்று பிள்ளைகளையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

வெள்ளைப்பாறையில் அக்கா வளை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வேலாயி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் அழுதார்கள். பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத்தான் கண்ணு தெரியாதே. எல்லாரும் முள்ளை ஆட்டுங்க, சத்தத்தை வெச்சு எண்ணிக்கிறேன்" என்றாள்.

வேலாயி ஆட்டினாள். கூரப்பன் ஆட்டினான். சிலுப்பி ஆட்டினாள்.

"மூணு" என்றாள் அக்கா. காதை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். "மூணு சத்தம்தானே கேக்குது. மத்தவங்க?"

"வண்டியில இடமில்லக்கா" என்றாள் வேலாயி.

"அதனால என்ன? அடுத்த கோடை வராமலா போயிடும்?" என்றாள் அக்கா. ஆனால் மறுநாள் அவர்கள் கிளம்பும்போது, வண்டிச் சத்தம் தேயும்வரை காதை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஆற்றைத் தாண்டவும் மழை பிடித்துக்கொண்டது. இனி அடுத்த கோடைவரை வழி இல்லை.

ஊருக்கு வந்ததும் கூரப்பன் நேரே மண்டையனிடம் போனான். "அண்ணே, சீட்டெல்லாம் கிழிஞ்சு போச்சு. இதை எடுத்துக்கிட்டு உங்க வண்டியைத் தருவீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கிழிஞ்ச சீட்டு எங்களுக்குப் புதுசா? ரெண்டு பேருக்கு இது போதும். பிள்ளைங்களைப் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றான் மண்டையன். அவன் மனைவி அன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

வேலாயிக்கு அந்த வருஷம் போனதே தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு நாளும் தெரிந்தது. மழையில் மலை மறையும். மழை விட்டதும் தெரியும். "அக்கா இருப்பாளாங்க?" என்று கேட்பாள். "இருப்பா" என்பான் கூரப்பன். அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

கோடை வந்தது. ஆறு வற்றியது. ஆறு பேரும் நீல வேனில் ஏறினார்கள். வேலாயி இடுப்பால் இடித்துக் கதவை மூடினாள். வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. வழியில் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். மற்ற நேரமெல்லாம் வைக்கோலில் முள்ளை விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

அக்கா இருந்தாள். அதே வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். வண்டி அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு வந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலாயி அருகில் போய்க் கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. காதும் போயிருந்தது.

வேலாயி அக்காவின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை தடவிப் பார்த்தது. "வேலாயி" என்றாள் அக்கா. பிறகு கையை முன்னால் நீட்டி, "மத்தவங்க? எல்லாரையும் வரச் சொல்லு, எண்ணணும்" என்றாள்.

பிள்ளைகள் வரிசையாக வந்தன. மூத்த மூன்றும் முதல் தடவை பார்க்கிற பெரியம்மா அல்லவா? மரியாதையாக முள்ளை ஒடுக்கிக்கொண்டு நின்றன. அக்காவின் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒருவர் எங்கே முடிகிறார், இன்னொருவர் எங்கே தொடங்குகிறார் என்று தெரியவில்லை.

"எண்ண முடியலையேடி" என்றாள் அக்கா. அவள் முகம் வாடிப்போயிற்று.

வேலாயிக்குப் புரிந்தது. "விரிங்கடா" என்றாள்.

"குத்துமேம்மா" என்றாள் சிலுப்பி.

"குத்தட்டும். இது உங்க பெரியம்மா வீடு. நம்ம வீடு."

ஆறு பேரும் விரித்தார்கள். அக்கா கையை வைத்தாள். சுருக்கென்று குத்தியது. "ஒண்ணு" என்றாள். கையை நகர்த்தினாள். மறுபடி குத்தியது. "ரெண்டு." மூன்று, நாலு, ஐந்து என்று ஒவ்வொரு குத்துக்கும் அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"ஆறு" என்றாள். கையில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்திருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "இருங்க, யாரும் நகராதீங்க. இன்னொரு தடவை முதல்ல இருந்து எண்ணிக்கிறேன்" என்றாள்.

எதை வாங்கப் போனாலும், நாலு பேர் முன்னால் நாம் எப்படி ஒடுங்கி உட்காருவோம் என்பதை வைத்து அளக்காமல், நம் வீட்டில் நாம் எப்படி இருப்போம் என்பதை வைத்து அளந்து வாங்க வேண்டும்.