தேர் திரும்பிய மூலை

ஆலங்கோட்டை என்ற நாட்டை வெகு காலத்துக்கு முன்னால் விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவான். கடைசியாக யார் காதில் பேசினார்களோ அவர்கள் பேச்சே ராஜாவின் பேச்சு.

அந்தக் காதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் பஞ்சநதி. அரண்மனைக் கணக்குப் பள்ளிக்குத் தலைவர். யாராவது நாலடி முன்னே போனால் இவருக்கு வயிறு எரியும். இவர் மகன் சபாபதி கீழ்வாய் வகுப்பிலேயே, அதாவது பின்னக் கணக்கிலேயே, மீசை முளைக்கும்வரை உட்கார்ந்திருந்தான். இப்படிப்பட்ட ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் மறக்கவும் மாட்டேன்.

ஒருநாள் உப்பு வணிகர் மகள் செங்கமலம் சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, வானக்கணக்கு வகுப்பில் என்னைச் சேர்க்க வேண்டும். கீழ் வகுப்புக் கணக்கெல்லாம் நானே போட்டுப் பழகிவிட்டேன்."

"அப்படியா!" ராஜா துள்ளினான். "கோட்டைக் கொடிமரம் என்ன உயரம், சொல் பார்ப்போம்."

அவள் முற்றத்தில் விழுந்த நிழலை அளந்து வந்து உயரத்தைச் சொன்னாள். மரத்தை நட்ட தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். விரற்கடை பிசகவில்லை.

"நாளைக்கே சேர்த்துவிடும்!" என்று ராஜா பஞ்சநதியிடம் சொன்னான்.

பஞ்சநதி எழுந்தார். "பிரபு, கணக்கு என்பது மாடி ஏறுவது மாதிரி. முதலில் எண்சுவடி, அப்புறம் கீழ்வாய், அப்புறம் நிலம் அளக்கிற குழிக்கணக்கு, நிழல்கணக்கு. அதற்கு மேலேதான் வானம். முதல் படியில் கால் வைக்காமல் தாவினால் விழுந்து மண்டை உடையும். பழி தங்களுக்குத்தான் வரும்."

ராஜா உடனே திரும்பினான். "அதுவும் சரிதான். பெண்ணே, எண்சுவடியிலிருந்து வா."

"மகாராஜா, வானக்கணக்கு ஆசிரியர் தை பிறந்ததும் காசிக்குப் போகிறார். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கணக்கு தெரிந்தவர் இந்த நாட்டில் அவர் ஒருவர்தான். நான் எண்சுவடியை முடிக்கும்போது அவர் கங்கைக் கரையில் இருப்பார்."

"சட்டம் என்றால் சட்டம்!"

ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்த சாத்தன் மந்திரி கைகூப்பினார். "அருமையான சட்டம். இதை ஏன் ஒரு பெண்ணோடு நிறுத்த வேண்டும்? 'யாராக இருந்தாலும், எதில் ஏறினாலும், முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும்' என்று முரசு அறைந்துவிடலாமே."

முரசு என்றால் ராஜாவுக்கு உயிர். "அறையட்டும்!" என்றான். செங்கமலம் கலங்கிய கண்ணோடு மந்திரியைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போம்மா. படிக்கிறதை மட்டும் விட்டுவிடாதே" என்றார் அவர்.

தேர்த் திருவிழா வந்தது. தேர் தெற்கு வீதி மூலையில் திரும்புவதைக் கோபுர மேல்மாடத்திலிருந்து பார்ப்பது ராஜாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற ஆனந்தம். பரிவாரத்தோடு ஏறியவன் நடுமாடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்து மோர் குடித்தான். திடீரென்று வீதியில் ஆரவாரம். தேர் மூலைக்கு வந்துவிட்டது. ராஜா செம்பைப் போட்டுவிட்டு எழுந்தான்.

சாத்தன் மந்திரி மேல்படிக்குக் குறுக்கே நின்றார். "பிரபு, கீழே இறங்குங்கள். முதல் படியிலிருந்து ஏற வேண்டும்."

"என்னய்யா உளறுகிறீர்? நான்தான் ஏறி வந்துவிட்டேனே!"

"செங்கமலமும் அதைத்தான் சொன்னாள்."

"வழியை விடும்!"

"முரசு அறைந்த சட்டம், பிரபு. வேண்டுமானால் பஞ்சநதியைக் கேளுங்கள்."

ராஜா பஞ்சநதியைப் பார்த்தான். இறங்குங்கள் என்றால் தலை போகும். ஏறுங்கள் என்றால் சட்டம் போகும். "அது... இடத்தைப் பொறுத்து..." என்று மென்று விழுங்கினார்.

"நான் நிற்கிற இடத்திலிருந்து ஏறுவதுதானய்யா ஏறுவது!" என்று கத்திய ராஜா, மந்திரியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மேலே போய்ச் சேர்ந்தபோது தேரின் முதுகுதான் தெரிந்தது.

"போச்சே! ஒரு வருஷம் போச்சே!"

"பிரபு," என்றார் மந்திரி, "தேர் அடுத்த வருஷம் திரும்பும். காசிக்குப் போகிறவர் திரும்ப மாட்டார்."

ராஜா தேர் போன வீதியைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று பாருங்கள். அங்கிருந்து ஏறட்டும்."

மறுநாள் சபையில் செங்கமலத்திடம் பஞ்சநதியே கேள்வி கேட்டார். எண்சுவடியைத் தலைகீழாகச் சொன்னாள். குழிக்கணக்கை விரல்விட்டே முடித்தாள். கீழ்வாயின் அடிமட்டத்தில், தூசியிலும் தூசியான கீழ்முந்திரி என்ற பின்னத்துக்கு வந்ததும் திணறினாள்.

"அது மட்டும் எனக்குச் சரியாக வராது, ஐயா. எங்கள் கடையில் உப்பை அவ்வளவு சின்னதாக யாரும் வாங்கியதில்லை."

சபை சிரித்தது. பஞ்சநதி குதித்தார். "பார்த்தீர்களா! முதலிலிருந்து வரட்டும்!"

"ஒரு படியில் விரிசல் என்றால் அந்தப் படியைச் செப்பனிடுவார்கள் ஓய். மாடியையே இடிப்பார்களா?" என்றார் மந்திரி. "காலையில் கீழ்வாய் வகுப்பில் அந்த ஒரு பாடம். மத்தியானம் வானக்கணக்கு. பாடம் பிடிபட்டதும் முழுநாளும் ஆசிரியரோடு. தைக்குள் அவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியது உன் பாடு. முடியுமா, அம்மா?"

"தூக்கத்தை விற்றாவது முடிப்பேன்" என்றாள். முடித்தாள். காசிக்குக் கிளம்பும்போது ஆசிரியர் தம் சுவடிக்கட்டை அவள் கையில்தான் கொடுத்தார்.

"நீர் முட்டுக்கட்டை போடுவதில் கெட்டிக்காரர்" என்று ராஜா பஞ்சநதியைத் தேருக்குக் கட்டை போடும் வேலைக்கு அனுப்பினான்.

அடுத்த திருவிழாவில் தெற்கு வீதி மூலையில் அவர் சக்கரத்துக்கு நேர் முன்னால் கட்டையைச் செருகினார். தேர் நின்றுவிட்டது. வடம் பிடித்தவர்கள் கத்தினார்கள்: "ஐயா, கட்டை போடுறது தேரை நிறுத்த இல்லை, திருப்ப! பக்கவாட்டில் போடும்!"

பஞ்சநதி கட்டையை மாற்றிப் போட்டார். தேர் திரும்பியது. ராஜா அதை முழுசாகப் பார்த்தான். பக்கத்தில் செங்கமலம் நின்றாள். அந்த வருஷம் நடுமாடத்தில் யாரும் மோர் குடிக்கவில்லை.