ஒரு சாண் திரி

கோட்டைமாநல்லூர் அரண்மனைக்கு வாணவேடிக்கை என்றால் இரண்டே பேர்தான். சங்கிலிமுத்து மருந்து இடித்து வாணம் கட்டுவான். ஆவுடையான் அதைப் பற்ற வைப்பான். பதினைந்து வருஷக் கூட்டு. ஒப்பந்த ஓலை மட்டும் கிடையாது.

தொழில் தொடங்கிய அன்று ஆவுடையான், "நம்மில் ஒருத்தனுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று வாயெடுத்தான். "நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சா? வாயைக் கழுவு!" என்று சங்கிலிமுத்து அடக்கிவிட்டான். வெடிமருந்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் முதலில் பேச வேண்டிய பேச்சே அதுதான் என்று அந்த மகானுபாவனுக்குத் தோன்றவில்லை.

போன திருவிழாவில் ஆவுடையான் பற்ற வைத்துவிட்டு விலகுவதற்குள் ஒரு வாணம் வெடித்தது. வலது கை போயிற்று. மூன்றாம் நாளே சங்கிலிமுத்து வாணக் கொட்டகைக்குப் புதுப் பூட்டுப் போட்டான்.

ஆவுடையானின் மனைவி பேச்சியம்மை புருஷனையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே அரசவைக்கு வந்துவிட்டாள்.

"மகாராசா, எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சு. பங்கைக் கேட்டா, கை இல்லாதவனுக்குப் பங்கு எதுக்குங்கிறாரு."

"எழுத்து இருக்கா, மகாராசா?" என்றான் சங்கிலிமுத்து. "வேலை செஞ்சாப் பங்கு. அவ்வளவுதான்."

மன்னர் வீரமாறர் தம் அவை விகடகவி அம்பலக்கூத்தரைப் பார்த்தார். கூத்தர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"எழுத்து இல்லை என்றால் எழுதிவிட்டால் போயிற்று, அரசே. சங்கிலிமுத்து, கூட்டாளி முடமானாலோ செத்தாலோ என்ன தருவது என்று நீயே சொல். உன் இஷ்டம்தான். ஆனால் பெயர் போடக் கூடாது. 'கூட்டாளிகளில் எவர்' என்றே இருக்க வேண்டும்."

"அவர்கிட்டயேவா கேக்குறீங்க, சாமி?" என்று பேச்சியம்மை தலையில் கைவைத்தாள். அவள் வயிறு எரிந்ததில் தப்பே இல்லை.

சங்கிலிமுத்து யோசிக்கக்கூட இல்லை. ஓலைக்காரர் எழுதினார்: 'கூட்டாளிகளில் எவர் முடமானாலும், இறந்தாலும், அவர் வீட்டுக்கு ஒரு மரக்கால் கம்பு. ஒரே ஒரு தடவை.'

"பிரமாதம்!" என்றார் கூத்தர். "முத்திரை வைக்குமுன் ஒரு சின்ன வேலை. அடுத்த திருவிழாவுக்குக் கட்டிய பெரிய வாணத்தை ஒரு தடவை விட்டுப் பார்த்துவிடலாம். பற்ற வைக்கிறவனுக்குக் கை இல்லை. கூட்டில் மிச்சம் நீதான்."

பட்டப்பகலில், மைதானத்தின் நடுவே ஆள் உயர வாணத்தை நட்டார்கள். சங்கிலிமுத்துவின் கையில் தீப்பந்தத்தைக் கொடுத்தார்கள். பதினைந்து வருஷத்தில் அவன் ஒரு மத்தாப்பைக்கூடக் கொளுத்தியதில்லை.

பத்தடி நடந்தான். நின்றான்.

"ஐயா, அந்த ஒரு மரக்கால் கம்பை மாசாமாசம்னு மாத்திக்கலாமா?"

"தாராளமாக" என்றார் கூத்தர். எழுத்தாணி ஓடியது.

இன்னும் ஐந்தடி. "வைத்தியச் செலவையும் கூட்டே பார்க்கட்டும்."

"எழுதியாயிற்று."

இன்னும் மூன்றடி. "என் பொண்ணு கல்யாணம்..."

"பெயர், உறவு எதுவும் போடக் கூடாது."

"சரி, எவர் பொண்ணோ அவ கல்யாணம்!"

வாணத்தின் நிழலில் கால் பட்டது. சங்கிலிமுத்துவின் குரல் கீச்சென்று போயிற்று. "பாதிப் பங்கு! ஆயுசு பூராவும்! அதுக்கப்புறம் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு!"

"நீ கட்டிய வாணம்தானே அப்பா? எதற்கு இவ்வளவு நடுக்கம்?"

"நான் கட்டினதாலதாங்க நடுக்கமே! திரி ஒரு சாண்தான் வச்சிருக்கேன். பத்த வச்சவன் ஓடவே முடியாது!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

"போன திருவிழாவில் எவ்வளவு?" என்றார் மன்னர்.

"அதுவும்... ஒரு சாண். முன்னெல்லாம் ரெண்டு முழம், மகாராசா. திரிநூலை மிச்சம் பிடிக்கலாம்னு..."

ஆவுடையான் துணி சுற்றிய கையைப் பார்த்தான். "நீ கட்டினதுங்கிற நம்பிக்கையில திரியை ஒரு நாள்கூட நான் அளந்ததில்லையேடா" என்றான். மன்னருக்குக் கண் சிவந்தது.

ஓலையில் முத்திரை விழுந்தது. ஆவுடையானுக்கு அன்றிலிருந்தே பாதிப் பங்கு. இனிமேல் சங்கிலிமுத்து கட்டுகிற வாணத்தைச் சங்கிலிமுத்துவே பற்ற வைக்க வேண்டும்.

"திரி ரெண்டு முழம் வைக்கிறேன், மகாராசா! இல்லை, மூணு முழம்!"

"அதை என் புருசன் இடது கையால அளந்து பார்ப்பாரு" என்றாள் பேச்சியம்மை. கையை நீட்டினாள். "கொட்டகைச் சாவியைக் குடுங்கண்ணே."

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தரின் கழுத்தில் போட்டார். பிறகு குறும்பாகக் கண்ணைச் சிமிட்டினார்.

"எல்லாம் சரி, நட்ட வாணம் அப்படியே நிற்கிறதே! கூத்தரே, யோசனை உம்முடையது. நீரே பற்ற வையும்!"

அம்பலக்கூத்தர் வாணத்தைப் பார்த்தார். திரியைப் பார்த்தார். சரசரவென்று இருபதடி பின்னால் போனார்.

"அரசே, நமக்குள்ளும் இதுவரை எழுத்து ஒன்றும் இல்லையே. ஓலைக்காரரை எங்கேயும் போய்விட வேண்டாம் என்று சொல்லுங்கள்!"